தரிசு என்று எழுதியவர் யார்?

அறிவு முகாமைத்துவம் பற்றிய பேச்சு இன்று நம் பல்கலைக்கழகங்களிலும் புகுந்துள்ளது. அப்பேச்சின் நடுநாயகமாக விளங்குவது ‘ஒன்டொலொஜி’. மெய்யியலார் கையாண்ட இச்சொல்லைக் கணினியியலார் கடன்கொண்டனர். ஒரு துறையில் எவையெவை உள, அவை ஒன்றோடொன்று எவ்வகைத் தொடர்பின என்பதைக் கணினியும் கையாளுமாறு வரையறுத்து வைத்தலே அவர் கருத்து. இதனைப் பொருள்வகைமை எனலாம். தமிழில் இதனை ஆக்கப் புகுவோர் சிலர் காட்டும் வழி மிக எளியது. மேலைநாட்டார் வகுத்ததை எடுங்கள்; சொற்களைத் தமிழாக்குங்கள்; வேலை முடிந்தது என்கின்றனர். இவ்வழி தீங்கு பயப்பது என்பதே எமது துணிபு.

முந்தலை எடுத்துக்கொள்வோம். புத்தளம் மாவட்டக் கரையோரத்து இவ்வூரின் அருகே கிடக்கும் நீர்ப்பரப்பை ஆங்கில நிலப்படங்கள் ‘லேக்’ என்று குறிக்கின்றன. தமிழாக்குவோர் அகராதியைப் புரட்டி ‘ஏரி’ என்று எழுதுவர். கணினி அதனை நன்னீர் நிலைகளோடு சேர்த்துவிடும். உண்மையில் அது களப்பு. ஒல்லாந்தர் கால்வாய் வழியே புத்தளம் களப்போடு தொடர்புடையது. மழைக்காலத்தில் உவர்ப்புத் தணிந்தும் வறண்ட மாதங்களில் மிகுந்தும் நிற்பது. எம்மீன் எப்போது படும் என்பது இம்மாற்றத்தைப் பொறுத்தது. ஏரி என்று எழுதிய கணமே அவ்வறிவு வெளியேறிவிடுகின்றது.

இது வெறும் சொற்பிழை என்று தள்ளுவோர் அடுத்ததைக் கேட்கட்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடு, தரிசு, குடியற்ற நிலம், பயிரிடப்படாத நிலம் யாவும் மறுதலை காட்டப்படும்வரை முடிக்குரியன எனக் கொள்ளச் செய்தது. மலைநாட்டுப் பெருந்தோட்டங்களோடு சேர்த்தே இச்சட்டத்தை நாம் படிக்கின்றோம், கரையோரத்தை மறந்துவிடுகின்றோம். ஏர் படாத நிலமெல்லாம் தரிசு எனில், கண்டற்காடும் உவர்ச்சேறும் எவ்வகையிற் சேரும்? மீன் குஞ்சு பொரித்து வளருமிடம், விறகு தருமிடம், கரையைக் காக்குமிடம் என்ற பொருளெல்லாம் அவ்வகைமையில் இடம்பெறவில்லை. 1980களில் இறால் வளர்ப்பு இம்மாவட்டத்திற் பெருகியபோது, குத்தகையாகவும் அத்துமீறியும் அரச நிலங்கள் குளங்களாக்கப்பட்டன; கண்டல்கள் வெட்டுண்டன. 1996இல் வெண்புள்ளி நோய் பரவிப் பண்ணைகள் பல அழிந்தன. கைவிடப்பட்ட அக்குளங்கள் இன்று எவ்வகையின? வயலும் அல்ல, களப்பும் அல்ல, காடும் அல்ல. பழைய வகைமையில் அவற்றுக்குப் பெயரில்லை. பெயரில்லாத நிலத்துக்காக வழக்காடுவோர் யார்?

வகைமை ஆக்கம் தமிழுக்குப் புதிதன்று. திவாகரமும் சூடாமணி நிகண்டும் உலகப் பொருள்களைப் பன்னிரு தொகுதிகளாக வகுத்தன. எனினும் நிகண்டைப் போற்றுவதோடு நின்றுவிட எம்மால் இயலாது. அங்கே மரப்பெயர் ஒரு தொகுதி, இடப்பெயர் வேறொரு தொகுதி. கண்டலையும் அது நிற்கும் சேற்றையும் இணைக்கும் தொடர்பு அங்கில்லை. பிற்கால நிகண்டுகள் பலவும் சொற்களைப் பெருக்கினவேயன்றிச் சட்டகத்தை மாற்றவில்லை. தொல்காப்பியத்தின் திணைக் கோட்பாடோ நிலமும் பொழுதும் முதற்பொருளாக, மரமும் புள்ளும் தொழிலும் கருப்பொருளாக, ஒழுக்கம் உரிப்பொருளாக ஒன்றோடொன்று பிணைத்து நோக்கிற்று. பொருள்வகைமையாளர் இன்று தேடுவது இத்தகைய தொடர்பையே. இலக்கிய வகுப்பறையில் மட்டும் திணையை அடைத்துவைத்தது நமது குறை.

நூலகவியலாரும் இதனை அறிவர். 1876இல் டூயி வகுத்த தசமப் பகுப்பில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்னும் முழுப் பிரிவு. தமிழிலக்கியமோ ஏனைய மொழிகளுக்கான 890இன் உள்ளே, 894.811 என்னும் மூலையில். சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்பை வெளியிட்டபோது, ஆயத்தப் பெட்டிகளில் நூலைத் திணிக்காமல், இடம், காலம் உள்ளிட்ட முகங்களால் பொருளைக் கூட்டியமைக்கும் வழியைக் காட்டினார்.

ஊருக்கொரு வகைமை இருந்தால் அறிவுப் பரிமாற்றம் எங்ஙனம் நிகழும் என்று வினவுவர். நியாயமான வினா. உலக வகைமையை எறிந்துவிடுமாறு நாம் கூறவில்லை. முந்தலார் சொல்லும் சொல் முதலில் நிற்க, உலக வகைமையின் சொல் அதனோடு இணைக்கப்படல் வேண்டும். இரண்டும் பொருந்தாத இடமும் பதியப்படல் வேண்டும். பொருந்தாத இடத்தை மூடி மெழுகுவதே இன்றைய பழக்கம்.

ஆக்குவதிலும் அரியது பேணுதல். 2015இல் நாட்டின் கண்டற்காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. நன்று. ஆனால் கண்டல் மீண்டும் முளைக்கத் தொடங்கிய பழைய இறாற்குளம் கண்டற்காடாகுமா? எத்தனை மரம் நின்றால் காடு? இவற்றைத் தீர்மானிக்கும் மேசையில் களப்பில் வலைவீசுவோனுக்கும் ஓர் இருக்கை வேண்டும். ஒவ்வொரு பதிவின் அருகிலும் அதனைச் சொன்னவர் எவ்வூரார், எவ்வாண்டிற் சொன்னார், மறுத்தோர் உளரா என்பவை எழுதப்படல் வேண்டும். ஆண்டுதோறும் ஒருமுறையேனும் அப்பதிவுகள் முந்தலுக்கு எடுத்துச் செல்லப்பட்டு, அம்மக்கள் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்டு, அவர்கள் அடிக்கச் சொன்னது அடிக்கப்படல் வேண்டும். இதற்குக் கணினி மென்பொருளிலும் பேருந்துக் கட்டணமே முதலில் தேவை. நம் தமிழ்ச் சங்கத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கொரு வரி சேர்க்கலாம்.