ஊசி படாத தட்டு

1978-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனத்திற்கு ஏற்றுமதிச் சாதனைக்கான அரசியின் விருது கிடைத்தது. அம்மகிழ்ச்சியைக் கொண்டாட, 'குவீன்' என்னும் ராக் இசைக்குழுவின் 'பொஹிமியன் ராப்சடி' என்ற பாடலை, நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தில் 200 தட்டுகள் மட்டும் அந்நிறுவனம் அச்சிட்டது. ஒவ்வொன்றிற்கும் கையால் எண்ணிட்டது. அவை கடைக்குச் செல்லவில்லை. வேண்டியவர்களுக்கும் விருந்தினர்க்கும் விலையின்றி வழங்கப்பட்டன. இன்று அத்தட்டு ஒன்று விற்பனைக்கு வந்தால், சில ஆயிரம் பவுண்டு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. வாங்கியவர் அதை என்ன செய்கிறார்? உறையிலிட்டு, அவ்வுறையை மற்றோர் உறையிலிட்டு, வெயிலும் தூசியும் விரலும் படாத இடத்தில் வைத்துவிடுகிறார். எல்லாம் நடக்கிறது, பாட்டு மட்டும் ஒலிப்பதில்லை.

வாங்குபவரின் பணம், விற்பவரின் பொருள். இடையில் நமக்கென்ன வழக்கு என்று கேட்கலாம். வழக்கு உண்டு. கேட்பதற்கென்றே ஆக்கப்பட்ட ஒன்று, கேட்கப்படாமையாலேயே மதிப்புப் பெறுகின்ற தலைகீழ் நிலையை ஏற்க நம் மனம் மறுக்கிறது.

விளம்பரப் பிரதி என்பது யாது? நம் பதிப்பாளர்கள் மதிப்புரைக்கு அனுப்பும் நூலில் 'அன்பளிப்புப் பிரதி' என்று முத்திரையிடுவதுபோல, இசை நிறுவனங்களும் புதிய பாடலின் தட்டுகளில் 'விற்பனைக்கு அன்று' என்று பொறித்து, வானொலி நிலையங்களுக்கும் இதழ்களுக்கும் அனுப்பின. 1960, 70-களில் அமெரிக்காவில் இத்தகைய தட்டுகள் பல, வெள்ளை முகப்புச் சீட்டுடன் வந்தன. இரு பக்கங்களிலும் ஒரே பாடல். ஒரு பக்கம் மோனோ, மறுபக்கம் ஸ்டீரியோ. எவ்வகை வானொலி நிலையமாயினும் தடையின்றி ஒலிபரப்ப வேண்டும் என்பதே நோக்கம். பாடல் ஊராரின் செவிக்குச் செல்லுமுன் அனுப்பிவைக்கும் தூதுவன் அது. வாய் திறவாத தூதுவனே சிறந்தவன் என்று போற்றும் அரசவை எங்கேனும் உண்டோ?

இப்பாடல் பிறந்த வரலாற்றையே காண்போம். சான்சிபாரில் பிறந்து, நம் நாட்டின் பஞ்ச்கனியில் பள்ளி பயின்ற ஃபிரெட்டி மெர்க்குரி இதனை இயற்றினார். 1975-இல் ஒலிப்பதிவு நடந்தது. மூவரின் குரல்களையே மேலும் மேலும் அடுக்கி, பெரும் பாடகர் குழுவின் முழக்கத்தை உண்டாக்கினர். மீண்டும் மீண்டும் ஓடிய ஒலிநாடா, ஊடே ஒளி தெரியும் அளவுக்குத் தேய்ந்துபோயிற்று என்று இசைக்குழுவினர் பின்னாளில் கூறியதுண்டு. ஏறத்தாழ 6 நிமிடம் நீளும் பாடலை வானொலி ஏற்காது என்று பலர் அஞ்சினர். லண்டன் கேப்பிட்டல் வானொலியின் கென்னி எவரெட்டிடம், ஒலிபரப்ப வேண்டாம் என்ற சொல்லோடு ஒரு பிரதி முன்னதாகவே தரப்பட்டது. அவரோ இரண்டே நாள்களில் அதனை 14 முறை ஒலிபரப்பினார்! செவியுற்றோர் கடைகளைத் தேடி வந்தனர். பாடல் 9 வாரம் பிரிட்டனில் முதலிடம் வகித்தது.

ஆக, ஒலிநாடா தேயத் தேய உருவான பாடல் அது. அதன் தட்டோ இன்று தேய்மானத்திற்கு அஞ்சி ஊமையாய்க் கிடக்கிறது. சேகரிப்புச் சந்தையின் அளவையில் உச்சத் தரத்திற்கு 'மின்ட்' என்று பெயர். ஒருபோதும் ஒலித்திராத தட்டு என்பதே அதன் பொருள். ஒருவர் மனமுருகிப் பலமுறை கேட்ட தட்டோ, கீறல்களின் கணக்கில் கீழ்த்தரத்திற்குத் தள்ளப்படுகிறது. அன்பு செலுத்தியதற்கு அபராதம் விதிக்கும் அளவுகோல் அன்றோ இது?

சேகரிப்பாளர் தரப்பில் நியாயமே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. தட்டின் உள்வட்டத்தில் பொறித்த எண்களை ஆராய்ந்து, எந்த அச்சு எப்போது எங்கே வந்தது என்று பட்டியலிட்டவர்கள் பெரும்பாலும் அவர்களே. 2008-இல் ஹாலிவுட்டின் யுனிவர்சல் வளாகத்தில் மூண்ட தீயில் மூல ஒலிநாடாக்கள் பல எரிந்தன. நிறுவனங்கள் காக்கத் தவறியதைத் தனிமனிதர் காத்தால் அது தொண்டே. ஆயினும், காப்பது எதனை என்று கேட்க வேண்டும். நீலத் தட்டில் உள்ள அதே ஒலிப்பதிவு, இலட்சக்கணக்கில் விற்ற கறுப்புத் தட்டிலும் உள்ளது. அங்கே காக்கப்படுவது இசையன்று. நிறமும் எண்ணும், மற்றவரிடம் இல்லை என்னும் பெருமிதமுமே.

இப்பிழையில் பெரும்பங்கு நிறுவனங்களுக்கே உரியது. வானொலி நிலையம் கேட்டு முடித்துக் கழித்த தட்டு, காலப்போக்கில் அரிதாவது இயல்பு. இருநூறோடு நிறுத்தி எண்ணிட்டுக் கொடுப்பதோ, வேண்டுமென்றே விளைவித்த பஞ்சம். கொடுத்த பின்னும் பிடியை விடாதோர் உண்டு. விளம்பரக் குறுந்தகடுகளை இணைய ஏலத்தில் விற்ற ஒருவர்மீது, அவை இன்னும் எமக்கே உரியவை என்று யுனிவர்சல் நிறுவனம் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. கேளாமலே அனுப்பிய பொருள் பெற்றவருக்கே உரியதென்று 2011-இல் மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. சரியான தீர்ப்பு, கொடுத்தது கொடுத்ததே. ஆனால், விற்கும் உரிமையைச் சட்டம் தந்தது என்பதால், பூட்டிவைப்பதற்கு ஒரு பொருள் வந்துவிடுமா?

1991 நவம்பர் 24-இல் மெர்க்குரி எய்ட்ஸ் நோயினால் மறைந்தார். அடுத்த மாதமே இப்பாடல் மீண்டும் தட்டாக வெளிவந்தது. அதன் வருவாய், எய்ட்ஸ் நோயாளருக்குத் துணைநிற்கும் டெரன்ஸ் ஹிக்கின்ஸ் அறக்கட்டளைக்குச் சென்றது. மீண்டும் 5 வாரம் முதலிடம். அதில் கையால் இட்ட எண் இல்லை. எவரும் வாங்கலாம், எவரும் கேட்கலாம். நோயுற்றோர்க்கு உதவிய அந்தத் தட்டு இன்று மலிவான பொருள். எவருக்கும் உதவாது பெட்டியில் உறங்கிய தட்டோ புதையல்! சந்தையின் தராசு எதனை நிறுக்கிறது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

நீலத் தட்டை வைத்திருப்போரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. ஒருநாள் மாலை அதனை உறையினின்று எடுங்கள். அண்டை வீட்டாரை அழையுங்கள். ஊசியை வையுங்கள். தரம் ஒரு படி இறங்கும், இறங்கட்டும். இத்தனை ஆண்டும் ஊமையாய்க் கிடந்தது அன்றுதான் இசைத்தட்டு ஆகும்.