ரசனைக்குப் பதவி உயர்வு இல்லை

நம் எழுத்தாளர்கள் தங்கள் சங்கீத ரசனையைப் பற்றிச் சொல்ல நேரும்போதெல்லாம் ஒரே சுயசரிதையைத்தான் சொல்கிறார்கள். சிறு வயதில் சினிமாப் பாட்டு. கல்லூரி நாட்களில் கொஞ்சம் கஜல், கொஞ்சம் மேல்நாட்டுச் சங்கீதம். முப்பதை ஒட்டிக் கர்நாடக சங்கீதம். அதிலும் முதலில் ஜி.என்.பி.யின் பிருகாக்கள், பின்னர் மதுரை மணியின் ஸ்வரங்கள், நாற்பதைத் தாண்டியதும் எம்.டி. ராமநாதன். அவரோடு ஏணி முடிகிறது. இலக்கியத்தில் கல்கியில் தொடங்கி மௌனியில் முடிகிற ஏணி ஒன்று உண்டே, அதன் உடன்பிறப்பு இது. இதைச் சொல்பவர் குரலில் ஒரு திருப்தி தொனிக்கும். குமாஸ்தாவாகச் சேர்ந்து மேலாளராக ஓய்வு பெற்றவர் தன் பணிப் பதிவேட்டைப் புரட்டும்போது முகத்தில் தெரிகிற திருப்தி. வங்கியில் வேலை பார்க்கிற எனக்கு அது பழக்கமான முகம்.

வாழ்நாளில் ரசனை மாறுவதில்லை என்பதல்ல என் கட்சி. மாறுகிறது. ஆனால் இந்த ஏணிக் கதையில் சொல்லப்படுவது ரசனையின் மாற்றம் அல்ல, சகவாசத்தின் மாற்றம். நாம் யாருடன் உட்கார்ந்து பேச விரும்புகிறோமோ அவர்களுடைய பிடித்தங்களை நம் காதின் சாதனையாகச் சொல்லிக் கொள்கிறோம். இதை விமர்சனச் சொல்லாடலுக்குள்ளும் கொண்டுவந்து, 'ரசனை வளர்ச்சி' என்று பெயரும் சூட்டிவிட்டோம். இந்தப் பெயரைத்தான் நான் மறுக்கிறேன்.

முதலில், இந்த வரிசையில் யாரும் சங்கீதத்தைக் கேட்டதே இல்லை. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பையனை எடுத்துக் கொள்வோம். மார்கழியில் அத்யயன உத்சவம். பகல் பத்திலும் இராப்பத்திலும் அரையர் தாளத்தைத் தட்டிப் பிரபந்தத்தை இசையோடும் அபிநயத்தோடும் சேவிப்பதை அப்பாவின் தோளில் உட்கார்ந்து கேட்கிறான். புறப்பாட்டுக்கு நாகஸ்வரம். இராப்பத்து இரவில் வீணை ஏகாந்தம். கோவிலை விட்டு வீதிக்கு வந்தால் டீக்கடையில் சினிமாப் பாட்டு. இவை எல்லாம் ஒரே நாளில், ஒரே காதில் விழுகின்றன. அவனுக்கு எது கீழ்ப்படி, எது மேல்படி? காவிரியின் இந்தக் கரையில் பாலக்கரையிலோ உறையூரிலோ வளர்ந்தவனுக்கும் கதை அதுதான். பறையும் மாதா கோவில் பாட்டும் நத்தர்வலி தர்காவின் கந்தூரியும் தெருமுனை ஒலிபெருக்கியும் அவனுக்கு ஒருசேர வந்தன. இவர்களெல்லாம் பின்னால் வரிசைப்படுத்திக் கொள்கிறார்கள். வரிசைப்படுத்தும்போது சில ஓசைகளை ஏணியிலேயே சேர்ப்பதில்லை. பறையைக் கேட்டு வளர்ந்தவன் ராமநாதனை வந்தடைந்தால் அது வளர்ச்சி. ராமநாதனைக் கேட்டு வளர்ந்தவன் பறையை வந்தடைந்தால் அதற்கு நம்மிடம் பெயர் இல்லை.

பெயர் இல்லை என்பதற்கு நம் காலத்திலேயே சாட்சி இருக்கிறது. டி.எம். கிருஷ்ணா மேல்படி என்று சொல்லப்படும் இடத்திலேயே பயிற்சி பெற்றவர். 2015ல் சென்னையின் டிசம்பர் சீசனில் இனிப் பாடுவதில்லை என்று அறிவித்தார். ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா நடத்துவதிலும், கட்டைக்கூத்துக் கலைஞர்களோடு ஒரே மேடையில் நிற்பதிலும் ஈடுபட்டார். அவருடைய அரசியலோடு நமக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நான் கவனித்தது வேறு. ஒரு பாடகரின் காது வேறு திசையில் திரும்பியிருக்கக் கூடும் என்ற சாத்தியத்தைக்கூட பேசியவர்களில் அநேகர் ஒப்புக்கொள்ளவில்லை. 2024ல் மியூசிக் அகாதமி அவருக்கு சங்கீத கலாநிதி அறிவித்தபோது எழுந்த கூச்சலிலும் சங்கீதத்தைப் பற்றிய பேச்சு சொற்பம். ஏணிக்கு ஏறத்தான் தெரியும். பக்கவாட்டில் நடப்பவரை அது விழுந்தவர் என்றே கணக்கு எழுதும்.

எதிர்த்தரப்பு ஒன்று உண்டு. 'அந்தக் காலப் பாட்டு மாதிரி வருமா' என்கிற தரப்பு. ஏணிக்காரர்கள் இவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்க அவர்களுக்கு யோக்கியதை இல்லை என்றாலும், இந்தத் தரப்பின் பிடிவாதம் எங்கிருந்து வருகிறது என்பது கவனிக்கத் தக்கது. 1989ல் ஹால்ப்ரூக், ஷிண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பல வயதினருக்குப் பல பத்தாண்டுகளின் ஜனரஞ்சகப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்களுக்கு அதிகம் பிடித்தவை தங்கள் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதை ஒட்டி வெளிவந்த பாட்டுகள் என்று கண்டார்கள். அமெரிக்கப் பாட்டைப் பற்றிய அந்த முடிவை அப்படியே இங்கு பொருத்த வேண்டியதில்லை. ஆனால் நவம்பர் மாதத்தில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வரும் ஓய்வூதியக்காரர்களின் கைபேசிகள் ஒலிப்பதைக் கேட்டால் ஆய்வு எதுவும் தேவைப்படாது. எண்பதைத் தாண்டியவர் பையில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி. எழுபதை ஒட்டியவர் பையில், 1976ல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா. இவர்கள் யாரும் ரசனை கெட்டவர்கள் அல்ல. முதல் சம்பளமும் முதல் காதலும் வந்த வயதில் காற்றில் என்ன இருந்ததோ அது உடம்போடு ஒட்டிக் கொண்டுவிட்டது. இதற்குப் பெயர் ஞாபகம். ஞாபகத்தை மதிப்பீடு என்று சொல்லும்போதுதான் பிழை நேர்கிறது. போதாததற்கு வயதேற ஏற உயர்ந்த அதிர்வெண்களைத்தான் காது முதலில் இழக்கிறது. 'இப்போதெல்லாம் இரைச்சல் பிடிப்பதில்லை, விளம்பம்தான் பிடிக்கிறது' என்று ஒருவர் முதிர்ச்சியாகச் சொல்லும்போது அதில் எவ்வளவு பக்குவம், எவ்வளவு செவி நரம்பு என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்?

தனி மனிதனின் ரசனை மாறிவிட்டதாக நாம் சொல்கிற பல இடங்களில் மாறியது வேறு ஏதோ. இதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. எம்.கே. தியாகராஜ பாகவதர் திருச்சியில் வளர்ந்தவர். எப்.ஜி. நடேசய்யரின் ரசிக ரஞ்சன சபா நாடகத்தில் லோகிதாசனாகச் சிறு வயதில் மேடையேறியவர். 1944ல் வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அதே ஆண்டின் இறுதியில் லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, 1947ல் விடுதலையானார். 1948ல் 'ராஜமுக்தி' வந்தது, ஓடவில்லை. பின்னால் வந்தவையும் ஓடவில்லை. 1959ல் மறைந்தார். ஜனங்களின் ரசனை மாறிவிட்டது என்று சினிமா வரலாறு ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்கிறது. 1944ல் அந்தக் குரலுக்குக் கிறங்கியவனின் காது நான்கு வருஷத்தில் எப்படி மாறும்? அவன் வீட்டில் அதே இசைத்தட்டைத்தான் போட்டுக் கேட்டுக் கொண்டிருந்தான். மாறியது படத்திடம் அவன் எதிர்பார்த்தது. நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்கு எட்டுவதற்காக உச்ச ஸ்ருதியில் பழகிய குரல்களுக்கு மைக் வந்தபின் முன்போல அவசியம் இல்லை. நடிப்பவரே பாட வேண்டும் என்ற நிர்ப்பந்தம் பின்னணிப் பாடலால் ஒழிந்தது. 1952ல் 'பராசக்தி' வந்தபோது பாட்டின் இடத்தில் வசனம் உட்கார்ந்தது. பாகவதர் பாணியிலேயே பாடி 1950ல் 'கிருஷ்ண விஜய'த்தில் அறிமுகமான டி.எம். சௌந்தரராஜன், சில வருஷங்களில் அந்தப் பாணியைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் குரலுக்கு வந்தார். இவ்வளவையும் 'ரசனை மாறிற்று' என்று ஒரு சொல்லில் அடைப்பது சோம்பேறித்தனம்.

கர்நாடக சங்கீதத்தில் 'சம்பிரதாயம்' என்று நாம் கும்பிடுவதும் இப்படி வந்ததுதான். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பாகச் சில கீர்த்தனைகள், விஸ்தாரமாக ஒன்று, கடைசியில் துக்கடாக்கள் என்கிற கச்சேரிக் கட்டுக்கோப்பை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் என்பது சங்கீத உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். அவருக்கு முன் ராகமும் பல்லவியும் மணிக்கணக்கில் நடந்த சபைகளில் உட்கார்ந்தவனுக்கு இது நாகரிகச் சுருக்கம். அடுத்த தலைமுறைக்கு இது அனாதி. பழமைக்காக இன்று வாதாடுகிறவர் பெரும்பாலும் தன் தாத்தா காலத்துப் புதுமைக்காகத்தான் வாதாடுகிறார்.

ரசனையை மேலே இருந்து உயர்த்தலாம் என்று அரசாங்கமே நம்பிய காலமும் இருந்தது. 1952ல் மந்திரி பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஏறக்குறைய ஒழித்துக் கட்டினார். 1939லிருந்து இயங்கி வந்த திருச்சி நிலையத்துக்கும் அதே விதிதான். நல்ல சங்கீதம் ஏராளமாக ஒலிபரப்பாயிற்று. கலைஞர்களுக்குச் சோறு கிடைத்தது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஜனங்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். 1957ல் விவித பாரதியைத் தொடங்கி அரசாங்கமே இறங்கி வர வேண்டியதாயிற்று. ஒன்றைப் பறித்து இன்னொன்றைப் பிடிக்க வைக்க முடியாது என்பது அன்று நிரூபணமாயிற்று. இன்று கைபேசிச் செயலிகள் தலைகீழாகச் செய்கின்றன. நேற்றுக் கேட்டதைப் போன்ற ஒன்றையே இன்றும் நாளையும் நீட்டுகின்றன. கேஸ்கர் கேட்பவனை மாற்றப் பார்த்தார். செயலி அவனை மாறவிடாமல் பார்த்துக் கொள்கிறது. இரண்டிலும் அவன் காதுக்கு வேலை இல்லை.

காதுக்கு வேலை. நான் வர நினைத்த இடம் இதுதான். ஷேக் சின்ன மௌலானா 1924ல் ஆந்திரத்தில் கரவதியில், நாகஸ்வரம் வாசிக்கும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அந்தப் பக்கத்துப் பாணி அவருக்குப் பரம்பரைச் சொத்து. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு அவரைப் பிடித்துக் கொண்டது. பிடித்துப் போனதும் அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். ரசிகராக நின்றுவிடவில்லை. நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர்ப் பாணியைச் சிஷ்யராக இருந்து கற்றார். மொழியும் ஊரும் மாறி, ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். ரங்கநாதர் சன்னதியில் வாசித்தார். இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1998ல் சங்கீத கலாநிதி. மறு வருஷம் மறைந்தார். அவர் ரசனை மாறியதற்கு அத்தாட்சி அவர் பேச்சில் இல்லை, மூச்சிலும் விரலிலும் இருந்தது. ஆந்திரப் பாணி கீழ்ப்படி, தஞ்சாவூர் மேல்படி என்று இதை யாரும் ஏணியாக்கி விடவும் வேண்டாம். ஒரு மனிதன் தனக்குள் கேட்ட ஒன்றுக்காகக் கையில் இருந்ததைத் திரும்பவும் முதலிலிருந்து பழகினான். இங்கே மாற்றத்துக்கு ஒரு விலை இருக்கிறது. ஜானகிராமன் 'மோகமுள்'ளில் பாபுவை வடக்கத்திப் பாடகர்களின் குரல் முன்னால் நிறுத்தி அதிர வைப்பதும் இந்த ஜாதி மாற்றத்தைத்தான். பாபுவுக்கு அங்கே கிடைப்பது மேல்படி அல்ல, சாதகத்தின் பாரம்.

எல்லோரும் குழலைத் தூக்கிக்கொண்டு நாச்சியார்கோவிலுக்குப் போக முடியுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். வித்வான் விரலால் கொடுத்த விலையை ரசிகன் கவனத்தால் கொடுக்கலாம். ராமநாதன் இருந்த காலத்தில் அவரை நாடியவர்கள் கொஞ்சம். 1984ல் மறைந்தபின் நாளுக்கு நாள் கூடுகிறார்கள். கூடியவர்களிடம் நான் கேட்பது இரண்டு கேள்விகள். முன்பு கேட்காத எதை இப்போது அவரிடம் கேட்கிறீர்கள்? அந்தக் கீழ் ஸ்ருதியில் ஒரு ஸ்வரத்தின் மேல் அவர் நிற்கும்போது ராகத்துக்கு என்ன ஆகிறது? பதில் சொல்லக்கூடியவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 'அது ஒரு அனுபவம், சொல்லில் வராது' என்பவர்களோடுதான் சண்டை. இந்தச் சண்டை பழையது. க.நா.சு. தன் ரசனையை நம்பிப் பட்டியல் போட்டார், சி.சு. செல்லப்பா 'எழுத்து'வில் வரி வரியாக அலசிக் காட்ட வேண்டும் என்றார். இரண்டு பேரும் உழைத்தவர்கள். க.நா.சு.வின் பட்டியலுக்குப் பின்னால் ஒரு ஆயுளின் படிப்பு இருந்தது. அவர் வாரிசுகளாகத் தங்களைச் சொல்லிக் கொள்பவர்கள் பட்டியலை எடுத்துக் கொண்டு படிப்பை விட்டுவிட்டார்கள். சங்கீதத்தில் நடப்பதும் இதுவே.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். நம் வட்டம் சின்னது. இங்கே புதிதாக வருகிற இருபது வயதுப் பையன் முதலில் கற்றுக் கொள்வது எதைப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும் என்பதைத்தான். இளையராஜாவின் ஒரு இடையிசையில் அவன் உண்மையாகவே எதையோ கேட்டிருப்பான். அதைப் பற்றி அவனால் இரண்டு பக்கம் எழுத முடியும். நம் முகங்களைப் பார்த்து அதை மறைத்துக்கொண்டு, கேட்காத ராமநாதனைப் பற்றி நான்கு வரி கவிதை எழுதுகிறான். நாமும் பிரசுரிக்கிறோம். ஒரு காதை அதன் தொடக்கத்திலேயே பொய் சொல்லப் பழக்கிவிட்டபின் அது எங்கே போய் மாறும்?

ஆகவே என் யோசனை எளிமையானது. ரசனை வளர்ந்த கதையை யாரும் இனி இந்தப் பக்கங்களில் சொல்ல வேண்டாம். ஒரு பாட்டை, ஒரு ஆலாபனையை, வேண்டுமானால் ஒரு சினிமா இடையிசையை எடுத்துக் கொண்டு, பத்து வருஷத்துக்கு முன் அதில் கேட்டது என்ன, இப்போது கேட்பது என்ன என்று எழுதட்டும். ஒன்றும் மாறவில்லை என்றால் அதையும் எழுதலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை. பிடித்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவரிடமும் எனக்கு வழக்கு இல்லை. மறுப்பு உள்ளவர்கள் அடுத்த இதழுக்கு எழுதலாம், ஏதாவது ஒரு ராகத்தின் பெயரைக் குறிப்பிட்டு.