காலம் யார் கட்சி?

இன்று நீ அழகாக இருக்கிறாய். நாளை இருக்க மாட்டாய். ஆகவே இன்றே என்னைக் காதலி. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலக் காதல் கவிதைகளில் திரும்பத் திரும்ப வரும் வாதம் இது. ரோமானியக் கவிஞர் ஹொரேஸிடமிருந்து கடன் வாங்கி, புதிதாகக் கூர் தீட்டிய வாதம்.

பிரான்ஸின் பியேர் ரொன்சார் இதில் கைதேர்ந்தவர். எலென் என்ற அரண்மனைப் பெண்ணுக்காக அவர் எழுதிய கவிதைகள் 1578இல் வெளிவந்தன. அவற்றில் மிகப் புகழ்பெற்ற ஒன்றில் அவள் கிழவியாகிவிட்டாள். இரவில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நூல் நூற்றபடி, தன்னைப் பாடிய கவிஞனை அலட்சியம் செய்ததற்காக வருந்துகிறாள். காதல் கடிதம் மிரட்டல் கடிதமாகிவிடுகிறது. ரொன்சாருக்கு அப்போதே 50 வயது தாண்டிவிட்டது. ஆனால் கவிதையில் அவருக்கு முதுமையே இல்லை. நேராக மண்ணுக்கடியில் போய் நிம்மதியாக உறங்குகிறார். தள்ளாமை அவளுக்கு மட்டும்தான்.

இந்த வாதத்துக்கு இங்கிலாந்தில் ஒரு பதில் கிடைத்தது. கிறிஸ்டோபர் மார்லோவின் இடையன், ரோஜாப் படுக்கையும் கம்பளி அங்கியும் தருவதாகச் சொல்லித் தன் காதலியை அழைக்கிறான். அவன் உலகில் எப்போதும் வசந்தம். 1600இல் வந்த 'இங்கிலாந்தின் ஹெலிகன்' என்ற தொகுப்பில் அவளது மறுமொழியும் இடம்பெற்றது. பூ வாடும், அங்கி நைந்துபோகும், பனிக்காலம் வரும். இளமை நிலைக்கும் என்றால் வந்திருப்பேன் என்கிறாள் அவள். காலம் போகிறது, வா என்கிறார்கள் ஆண்கள். காலம் போகிறது, அதனால்தான் வரவில்லை என்கிறாள் இவள். சாட்சி ஒன்றுதான், கட்சி மாறிவிட்டது.

ஆனால் இந்தப் பெண் குரலையும் எழுதியது ஓர் ஆண், சர் வால்டர் ராலே என்றே கருதப்படுகிறது. பெண்ணின் பெயரிலேயே வந்த கவிதைகளுக்கு இன்னும் பின்னே போகவேண்டும். 1555இல் பிரான்ஸின் லியோன் நகரில் லூயிஸ் லாபேயின் நூல் அச்சானது. கயிறு திரிப்பவரின் மகள்; வாழ்க்கைப்பட்டதும் அதே தொழில் செய்பவருக்கு. அவர் கவிதையிலும் முதுமை வருகிறது. கண்ணீர் வற்றி, குரல் உடைந்து, காதலிப்பவள் என்று காட்டிக்கொள்ள முடியாத நாளில் சாவு வரட்டும் என்கிறார். அதுவரை வாழ ஆசை.

அவர் காலத்தைக் காட்டி யாரையும் அவசரப்படுத்தவில்லை. பயமுறுத்தவும் இல்லை. கணக்கைத் தன் பெயரிலேயே எழுதிக்கொள்கிறார். ரொன்சாரின் கவிதைக்குப் புகழ் அதிகம். லாபேயின் கவிதையைத்தான் நம்பத் தோன்றுகிறது.