அயலார் முற்றமும் எமது மனுவும்

அயல் வீட்டார் தம் முற்றத்தைக் குப்பைமேடாக வைத்திருப்பாராயின் நாம் செய்யக் கடவது யாது? இவ்வினா கல்லூரி மலரில் எடுத்தாளத்தக்கதன்று எனச் சிலர் கருதக்கூடும். காவியச் சுவையும் கல்வியின் மாண்பும் பேசப்பெறும் பக்கங்களிற் கிழிந்த வலையும் உடைந்த வாளியும் எற்றுக்கு என்பர். எனினும், இங்கிருந்து பட்டம் பெற்று வெளியேறுவோருள் நாடாளப் போகின்றவர் ஒருவரோ இருவரோ. யாரேனும் ஒருவர்க்கு அயலாராக வாழப் போகின்றவரோ அனைவரும். ஆதலின் இதுபற்றிச் சிறிது எழுதத் துணிந்தோம். அன்றியும் இதனை எழுதுதற்கு எமக்கொரு கடப்பாடும் உண்டு. அஃது எமது பிழையொன்றினின்று பிறந்தது.

இக்கல்லூரியை விட்டபின் மேற்படிப்பை நாடிப் புதுச்சேரிக்குச் சென்ற எம்மிற் சிலர், பிள்ளைச்சாவடியில் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். அவ்வூரை அறியாதார்க்கு ஒரு சொல். புதுச்சேரி நகரினின்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே செல்வோர், முத்தியால்பேட்டையைக் கடந்ததும் தமிழ்நாட்டுக் கோட்டக்குப்பத்திற் புகுவர்; முதலியார்சாவடிகளையும் பொம்மையார்பாளையத்தையும் கடந்து பிள்ளைச்சாவடியை எய்துங்கால் மீண்டும் புதுச்சேரி ஆட்சிக்குள் வந்துவிடுவர். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் துண்டு துண்டாகப் பிடித்து ஆண்ட நிலத்தின் எல்லைகள், 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய பின்னரும் அவ்வாறே நிற்கின்றன. 1984-இல் தொடங்கப்பெற்று 2020-இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்த பொறியியற் கல்லூரி இவ்வூரிலேயே உள்ளது. கடலோரத்தே மீனவர் குடியிருப்பு. படிக்க வந்தோரும் பரம்பரையாக வாழ்வோரும் சுவரோடு சுவர் சேர்ந்து வாழும் ஊர் அது. சாவடி என்பது வழிப்போக்கர் தங்குமிடம் மட்டுமன்று. ஊரார் கூடி வழக்குப் பேசித் தீர்க்கும் இடமும் அதுவே. அப்பெயர் தாங்கிய ஊரில் இருந்துகொண்டே யாம் பேசாது மனு எழுதினோம் என்பதை இப்போது நினைக்குந்தோறும் நாணம் உண்டாகின்றது.

எம் வீட்டிற்குத் தென்புறத்தே மூதாட்டியார் ஒருவர் தனித்து வாழ்ந்தார். ஊரார் அவரை ஆயா என்றே அழைத்தமையின் யாமும் அவ்வாறே குறிப்போம். அவருடைய முற்றத்தில் இல்லாத பொருள் இல்லை. கிழிந்த நைலான் வலைகள், மீன்பெட்டியின் தெர்மாகோல் துண்டுகள், நெளிந்த தகரங்கள், நெகிழிப் புட்டிகள் நிரம்பிய சாக்குகள், கொட்டாங்கச்சிகள், இரண்டு பழைய டயர்கள் ஆகிய இவை ஆளுயரத்திற்குக் கிடந்தன. மழை பெய்தால் அங்கிருந்து எழும் நாற்றம் எம் சாளரத்தின் வழியே உணவுக் கலத்தில் வந்து அமரும். எலி உண்டு, கொசுவுக்குக் கணக்கில்லை. ஐப்பசி அடைமழையில் எம்முள் ஒருவர்க்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. பத்து நாள் மருத்துவமனையிற் கிடந்தார். இரத்தத் தட்டணுக்கள் குறைந்த இரண்டு இரவுகளில் யாம் உறங்கவில்லை. மூன்றாம் நாள் உரிய அலுவலகத்திற்கு மனு எழுதி, அடுத்த வீடுகளில் தங்கியிருந்த மாணவரையும் சேர்த்து ஒன்பதின்மர் கையெழுத்திட்டோம். நன்றாகவே எழுதினோம். தமிழ்ப் புலமை அன்று அதற்குத்தான் பயன்பட்டது.

ஒரு வாரத்தில் லாரி வந்தது. நான்கு ஆட்களும் வந்தனர். முற்றம் ஒரு பகலிற் காலியாயிற்று. ஆயா கூச்சலிடவில்லை. மாடியில் நின்ற எம்மை அண்ணாந்து பார்த்து, "தம்பிங்களா, வலையை மட்டுமாவது விட்டுடச் சொல்லுங்கப்பா" என்றார். யாம் சொல்லவில்லை. அவ்வலை காயலான்கடைக்கு எடைபோட்டு விற்பதற்குரியது என்பதும், சிறு சுமைக்காக வண்டி அனுப்பக் கடைக்காரர் ஒப்பாமையால் ஒரு வண்டிப் பாரம் சேரும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதும், ஆறு திங்களாகச் சேர்த்தது அன்று லாரியில் ஏறியது என்பதும் பின்னரே தெரிந்தன. பிறர்க்கு வங்கி எதுவோ, அது அவர்க்கு அம்முற்றம். அள்ளிய ஆட்களுள் ஒருவர் வேலியோரத்துக் குவியலைக் கிளறி, பரோட்டாப் பொட்டலத் தாள்களையும் தேநீர்க் குவளைகளையும் எம்மை நோக்கி உயர்த்திக் காட்டிச் சிரித்தார். அவை மாடியினின்று யாம் எறிந்தவை. ஏற்கெனவே குப்பையாயுள்ள இடத்தில் மேலும் ஒரு தாள் விழுந்தால் என்ன என்று எண்ணியே எறிந்திருந்தோம்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எம் மனத்தில் ஒரு வருத்தம் மட்டுமே எஞ்சியிருக்கும். மறுவாரம் சுகாதாரப் பணியாளர் ஒருவர் கைவிளக்குடன் வந்தார். முற்றத்தில் மிஞ்சிக் கிடந்த ஆயாவின் டயர்கள் இரண்டிலும் கொசுப்புழு இருந்தது. அதனை மறுப்பார் இலர். ஆனால் எம் மொட்டைமாடியில் ஏழு இடங்களில் இருந்தது. மூடி உடைந்த தண்ணீர்த் தொட்டி, பூந்தொட்டிகளின் அடித்தட்டுகள், கவிழ்க்காது விட்ட வாளி, குளிர்ப்பெட்டியின் பின்புறத்தே நீர் சொட்டும் தட்டு என அவர் ஒவ்வொன்றாகக் காட்டிச் சென்றார்.

யாம் நாற்றத்தையும் நோயையும் ஒன்றெனக் கொண்டிருந்தோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதன்று. தேங்கி நிற்கும் தெளிந்த நீரையே பெரிதும் நாடுவது. வெப்பமுள்ள நாளில் ஏழு முதற் பத்து நாட்களுக்குள் முட்டை கொசுவாகிவிடும். நீர் வற்றினும் கலத்தின் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கிற் காத்திருக்கும். அக்கொசு நெடுந்தொலைவு பறப்பதுமில்லை. சில நூறு மீட்டர் அதன் உலகம். எனவே கடித்தது ஆயாவின் கொசுவா, எம்முடையதா என்று துணிதல் எவர்க்கும் அரிது. சாக்கடை நீரில் வளரும் கியூலெக்ஸ் கொசுவோ யானைக்கால் நோயைப் பரப்புவது. புதுச்சேரியே அந்நோயால் நெடுங்காலம் வருந்திய ஊர். 1975-இல் அங்கு நிறுவப்பெற்ற நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தார் 1981 முதல் ஐந்தாண்டு அந்நகரில் நடத்திய முயற்சியில் மருந்து தெளிப்பதனை மட்டும் நம்பாது, தேங்கு நீரை வடித்தும், பள்ளங்களைத் தூர்த்தும், புழுவைத் தின்னும் மீன்களை விட்டும் கொசுவைக் குறைத்தனர். அறிவியல் படித்த மாணவர் நால்வர் எம்முள் இருந்தும், இத்துணை அருகில் இருந்த அறிவை ஒருவரும் நாடிற்றிலர்.

நிற்க. அயலாரின் அசுத்தத்தைப் பொறுத்துக்கொண்டு வாழ்க என்று யாம் உரைக்க வரவில்லை. சட்டம் நமக்கு வழி வகுத்தே உள்ளது. பொதுத் தொல்லையை அகற்றுமாறு ஆணையிட நிர்வாக நடுவர்க்குள்ள அதிகாரம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவில் இருந்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 152-ஆம் பிரிவாக நிற்கின்றது. பிரெஞ்சு நாட்டு நீதிமன்றங்களும் அயலாரிடையே வரம்பு கடந்த தொல்லை கூடாது என்னும் நெறியை நெடுங்காலமாகத் தீர்ப்புக்களிலேயே வளர்த்து வந்தன. 2024-இல்தான் அது குடியியற் சட்டநூலில் ஏறியது. ஆயின் அச்சட்டத்தை யார்மீது முதலில் ஏவுவது என்பதே எமது வினா.

இதற்கு விடையாகும் வழக்கொன்று மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகரில் எழுந்தது. அங்கொரு வார்டில் வாழ்ந்த மக்களின் வாயிலில் திறந்த சாக்கடை, அருகில் இருந்த ஆலையின் கழிவு நீர், கழிப்பிடமின்றி வாழ்ந்த குடிசைவாசிகள் வடிகாலோரத்தையே நாட வேண்டிய நிலை, இவற்றோடு கொசு. யாம் அங்கிருந்தால் குடிசைவாசிகள்மீது மனு எழுதியிருப்போம் என்பதில் ஐயமில்லை. அம்மக்கள் அவ்வாறு செய்தாரல்லர். அதே 133-ஆம் பிரிவைக் கையிற்கொண்டு நகராட்சியின்மீது சென்றனர். நடுவர் நகராட்சிக்கு ஆணையிட்டார். பணமில்லை என்றது நகராட்சி. உச்ச நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கில், 1980 சூலையில் நீதியரசர் கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். பணமின்மை கடமையினின்று தப்ப வழியாகாது என்பது அதன் சாரம். வடிகாலைச் சீர்செய்வதோடு பொதுக் கழிப்பிடம் கட்டுதலும் நகராட்சியின் கடன் என்றாயிற்று. குடிசைவாசி வடிகாலோரத்தை நாடுவது ஏன் என்னும் கேள்வி எழுந்ததனாலன்றோ கழிப்பிடம் வந்தது?

எம் மனுவில் அக்கேள்வி இல்லை. முற்றத்தைக் காலி செய்க என்றோமேயன்றி, அத்தெருவிற்கு நாள்தோறும் குப்பை வண்டி வருகின்றதா, வலையையும் புட்டியையும் வாங்குவாரை ஊருக்குள் வரச்செய்ய வழியுண்டா என்று ஒரு வரியும் எழுதவில்லை. பெரிய அளவில் இதே பிழையைப் புதுச்சேரிக் கடற்கரையிற் காணலாம். 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்திற்கென எழுந்த கற்கரைகள், வடக்கு நோக்கிச் செல்லும் மணலைத் தடுத்தன. நகரின் கரை தேய்ந்தது. நகரைக் காக்கப் பாறைகளைக் கொட்டினர். அரிப்பு வடக்கேயுள்ள குப்பங்களுக்கு நகர்ந்து சென்றது. தன் முற்றம் தப்பினால் போதும் என்னும் எண்ணம் அரசுகட்கும் உண்டுபோலும்.

மனுவன்றி வேறு வழியும் உண்டு என்பதற்குச் சென்னை நகரமே சான்று. 1989-இல் வங்கி அலுவலராயிருந்த எம். பி. நிர்மல் என்பார் தொடங்கிய எக்ஸ்நோரா இயக்கத்தில், ஒரு தெருவார் கூடிச் சிறு தொகை செலுத்தி, தெருவிற் குப்பை பொறுக்கி வாழ்ந்தவரையே பணியில் அமர்த்தி, மூன்று சக்கர வண்டி கொடுத்து, வீடுதோறும் குப்பையைப் பெறச் செய்தனர். அப்பணியாளர்க்குத் தெருவை அழகு செய்வார் என்று பெயரிட்டதும் கருதத்தக்கது. இதற்கும் முன்னரே, 1914-இல் இந்தியா போந்து சென்னை மாகாணத்து நகரங்களை ஆராய்ந்த ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெட்டிஸ், பின்னர்ப் பிளேக் நோய் வாட்டிய இந்தூரில் ஒரு புதுமை செய்தார். தீபாவளி ஊர்வலம் வழக்கமான வீதி வழியே செல்லாது, எவ்வீதியார் தம் வீடுகளை மிகுதியாகத் துப்புரவு செய்கின்றனரோ அவ்வீதி வழியே செல்லும் என்று அறிவிக்கச் செய்தார். தண்டத்திற்கு அஞ்சி அசையாத வீதிகள் திருவிழாவின்பொருட்டு அசைந்தன. ஊர்வலத்தில் துப்புரவுத் தொழிலாளர்க்கும் சிறப்பிடம் கிடைத்தது.

எல்லா அயலாரும் ஆயா போன்றவரல்லர் என்பதும் உண்மையே. சாலையோரத்து மனையை விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்டுவிட்டு வெளிநாட்டில் வாழ்வார்க்குத் தட்டுதற்கு ஒரு கதவும் இல்லை; கருவேலும் குப்பையும் மண்டிய அம்மனைகளைக் குறித்து அன்றே மனு எழுதலாம். நெகிழியைக் கொளுத்திப் புகையால் குழந்தைகளை வருத்துவாரிடத்து எமக்குச் சிறிதும் இரக்கமில்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே குப்பை எரித்தலைத் தடுத்தன. பொருள்களை எறிய மாட்டாது குவித்துவைத்தலே ஒரு மனநோயாகும் என்பதை மருத்துவ உலகம் ஏற்றுள்ளது. அத்தகையார்க்கு லாரியை விட உறவினரும் மருத்துவருமே முதலில் வேண்டும். ஆனால் இவருள் யார் நம் அயலார் என்பதைச் சுவருக்கு இப்பால் நின்றே அறிய இயலாது. வாயிலிற் சென்று நின்றால் கால் மணி நேரத்தில் விளங்கிவிடும். அங்கும் தீராதாயின் மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தார் உளர். அவர் சொல்லுக்கு உள்ள மதிப்பு அரசு முத்திரைக்கு இல்லை என்பதைப் பின்னர்க் கண்டோம்.

தை மாதத்தில் ஆயாவின் முற்றம் மீண்டும் நிறையத் தொடங்கியது. இம்முறை யாம் இறங்கிச் சென்றோம். அவர் திண்ணையைத் துடைத்து, "உக்காருங்கப்பா" என்றதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. சவுக்குக் கழிகளால் பரண் கட்டி வலைகளை மேலேற்றினோம், டயர்களை அப்புறப்படுத்தினோம், எம் மாடித் தொட்டிக்கும் மூடி வாங்கினோம். வண்டிப் பாரம் சேரும்வரை காத்திராது மாதந்தோறும் காயலான்கடைக்கு ஏற்றுதற்குச் சிறு வண்டியின் வாடகையில் பாதியை எம் அறையினர் ஏற்றனர். முற்றம் பளிங்குபோல் ஆயிற்று என்று எழுதினால் அது பொய். நாற்றம் குறைந்தது; எலி குறையவில்லை. மறு மழைக்காலத்தில் எம் இரு வீட்டாருள் எவர்க்கும் டெங்கு வரவில்லை. அது எம் முயற்சியாலோ தற்செயலோ அறியோம்.

அம்மனுவின் படியொன்று இன்னும் எம்மிடம் உள்ளது. அதில் ஒன்பது கையெழுத்துக்கள். கையெழுத்திடுமுன் ஆயாவின் வாயிலில் ஒருமுறையேனும் நின்றவர் அவருள் இருவர். அவ்விருவரும் குடிதண்ணீர் கேட்கச் சென்றவர்.