யானை குப்பத்திலும் உண்டு. சஃபாரிக்கு ஏன் க்ரூகர் போகிறோம்?

பெங்களூரு - சென்னை ரயிலில் அடிக்கடி போய்வருபவரா நீங்கள்? பங்காருப்பேட்டை தாண்டி, ஜோலார்பேட்டைக்கு முன்னால் குப்பம் என்று ஒரு ஸ்டேஷன் வரும். ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் தொகுதி. தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் புழங்கும் ஊர். அந்தப் பக்கத்துக் காடுகளில் காட்டு யானைகள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. அதே ரயிலில் உட்கார்ந்து, ஃபோனில் க்ரூகர் பூங்கா லாட்ஜ் விலையைப் பார்த்துக்கொண்டே நாம் குப்பத்தைக் கடந்துவிடுகிறோம்.

க்ரூகர் போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தாராளமாகப் போங்க. ஆனால், பணம் கட்டுவதற்கு முன் இந்த இரண்டு இடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், டூர் ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மாறும்.

குப்பத்தில் என்ன நடக்கிறது?

பல தலைமுறைகளாக யானையே இல்லாத பகுதி அது. 1980-களில் தமிழ்நாடு, கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் வந்து தங்கிவிட்டன. 1990-ல் சுமார் 358 சதுர கி.மீ. பரப்பை கௌண்டின்யா வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். குடியாத்தம் பக்கம் இறங்கிவந்து பாலாற்றில் சேரும் அதே கௌண்டின்ய நதியின் பெயர்தான்.

358 சதுர கி.மீ. என்பது கேட்க பெரிதாக இருக்கலாம். யானைக்கு அது சின்ன இடம். காடு முடியும் இடத்தில் நெல்லும் கரும்பும் வாழையும் மாந்தோப்பும் தொடங்குகின்றன. யானை எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? அகழி, சோலார் வேலி, பட்டாசு எல்லாம் பார்த்தாகிவிட்டது. அடுத்தது கும்கி. கர்நாடகத்துடன் 2024-ல் போட்ட ஒப்பந்தப்படி, 2025 மே மாதம் நான்கு கும்கி யானைகள் ஆந்திராவுக்கு வந்தன. பலமநேர் அருகே முசலிமடுகுவில் அவற்றுக்கு முகாம்.

விவசாயிக்கு இதில் கிடைப்பது தூக்கமில்லாத ராத்திரி. பயிர் போனால் இழப்பீட்டுக்கு மனு. ஆள் போனாலும் இழப்பீட்டுக்கு மனு. யானை அங்கே இருப்பதால் அந்த ஊருக்கு வரும் வருமானம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. பந்திப்பூர் மாதிரி ஒரு சஃபாரி ஊராகவும் குப்பம் வளரவில்லை.

க்ரூகரில் மட்டும் எப்படி முடிகிறது?

முதல் காரணம் இடம். க்ரூகர் பூங்கா சுமார் 19,500 சதுர கி.மீ.; கௌண்டின்யாவைப் போல ஐம்பது மடங்குக்கும் மேல். இரண்டாவது காரணம் வேலி. ஊர்கள் நெருக்கமாக இருக்கும் மேற்கு, தெற்கு எல்லைகளில் பெரும்பகுதிக்கு வேலி உண்டு. விலங்கு உள்ளே, மனிதர் வெளியே.

அந்த ‘மனிதர் வெளியே’ எப்படி வந்தது என்பதை எந்த பிரோஷரும் சொல்லாது. க்ரூகரின் வடக்கு முனையில் பஃபூரி என்ற பகுதியில் மகுலெகே மக்கள் வாழ்ந்தார்கள். 1969-ல் நிறவெறி அரசு அவர்களை வலுக்கட்டாயமாக வெளியேற்றி, நிலத்தைப் பூங்காவுடன் சேர்த்துக்கொண்டது. ஆட்சி மாறியபின் வழக்குப் போட்டு, 1998-ல் நிலத்தை மீட்டார்கள். ஆனால், திரும்பக் குடியேறவில்லை. காடு காடாகவே இருக்கட்டும், லாட்ஜ் நடத்துபவர்கள் எங்களுக்குப் பங்கு கொடுக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். பஃபூரியில் தங்கினால், உங்கள் பணத்தில் ஒரு பகுதி நிலத்தின் சொந்தக்காரர்களுக்குப் போகிறது.

நமீபியா வேறு வழியில் போனது. 1996 சட்டத்தின்படி, கிராம மக்கள் சேர்ந்து ‘கன்சர்வன்சி’ என்ற அமைப்பைப் பதிவு செய்து, தங்கள் நிலத்திலுள்ள விலங்குகள் மூலம் வரும் வருமானத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். அதில் சுற்றுலாவோடு, அனுமதி பெற்ற வேட்டைக் கட்டணமும் சேர்த்தி. நம்மில் பலருக்கு இது உறுத்தும், எனக்கும் உறுத்துகிறது. ஆனால், பயிரை இழக்கும் ஊருக்கே காசும் போக வேண்டும் என்ற கணக்கை மறுக்க முடியவில்லை.

அங்கே எல்லாம் சுமுகம் என்றும் எண்ணிவிட வேண்டாம். 2022-ல் ஐந்து நாடுகள் சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் போட்ஸ்வானாவில் மட்டும் சுமார் 1.3 லட்சம் யானைகள். டிஎன்ஏ முறையில் எடுக்கப்பட்டு 2025-ல் வெளியான இந்தியக் கணக்கு 22,446. போட்ஸ்வானாவின் வடக்கில் பெரும்பகுதிக்கு வேலி கிடையாது. அங்குள்ள விவசாயியும் குப்பத்து விவசாயி போலவே ராத்திரி காவல் இருக்கிறார்.

சரி, எப்படித் திட்டமிடுவது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை உலர்காலம். இலை உதிர்ந்து, விலங்குகள் தண்ணீர்க் குட்டைக்கு வரும், பார்ப்பது சுலபம். காலையில் நல்ல குளிர் இருக்கும், ஊட்டிக்கு எடுத்துப்போகும் ஸ்வெட்டர் போதாது. க்ரூகர் பகுதியில் மலேரியா அபாயம் மழைக்காலத்தில் அதிகம். டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். மலேரியா வேண்டாம் என்றால் பிலானஸ்பெர்க், மடிக்வே இரண்டும் நல்ல மாற்று.

தென்னாப்பிரிக்காவில் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுவார்கள். க்ரூகருக்குள் வாடகைக் காரை நீங்களே ஓட்டலாம். தார்ச்சாலையில் 50 கி.மீ. வேகம்தான், குறிப்பிட்ட இடங்களைத் தவிர வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. பூங்கா முகாமில் தங்கி இப்படிச் சுற்றுவதற்கும், பக்கத்து தனியார் காப்பகத்தில் கைடுடன் ஜீப்பில் போவதற்கும் செலவு பல மடங்கு வித்தியாசம். முதல் முறை என்றால் மூன்று நாள் அது, ஒரு நாள் இது என்று கலந்து பாருங்கள்.

இன்னொன்று, கென்யா அல்லது எத்தியோப்பியா வழியாக விமானம் மாறினால் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் தேவைப்படுமா என்று முன்பே கேளுங்கள். இந்தியா திரும்பும்போது தகராறு வரக்கூடிய இடம் இது. ஊசி போட்டு பத்து நாள் கழித்துதான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

லாட்ஜுக்கு மெயில் போடும்போது மூன்றைக் கேளுங்கள்: நிலம் யாருடையது, பக்கத்து ஊருக்கு எவ்வளவு போகிறது, கைடுகள் உள்ளூர்க்காரர்களா? பதிலே வராவிட்டால், அதுவும் பதில்தான்.

ஏன் இவ்வளவு அலசல் என்றால், நம் பக்கத்திலேயே 2025 நவம்பரில் பார்த்தோம். புலி தாக்கி விவசாயிகள் இறந்ததும், ஊர் மக்களின் கோபத்துக்குப் பிறகு பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் சஃபாரியை நிறுத்த கர்நாடக வனத்துறை அமைச்சர் உத்தரவிட்டார். வீக்எண்டுக்கு புக் செய்தவர்களுக்கு அது ஒரு ரீஃபண்ட் பிரச்சினை. காட்டோரம் வயல் வைத்திருப்பவருக்கு, வண்டி வண்டியாக ஆட்கள் வந்து போயும் தன் ஊருக்கு அதில் என்ன வந்தது என்ற கேள்வி.

பலமநேர், குப்பம், பேரணாம்பட்டு பக்கக் காட்டுச் சாலைகளில் ராத்திரி யானை நின்றால், ஹெட்லைட்டை அடித்து ரீல்ஸ் எடுக்க வேண்டாம். வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திக் காத்திருங்கள். நீங்கள் மிரட்டிவிட்டுப் போகும் யானை, அடுத்து இறங்குவது யாரோ ஒருவரின் வாழைத் தோட்டத்தில்.