முகமன் வேண்டா, மதிப்பீடு வேண்டும்!

தமிழ்நாட்டில் இன்று நூல்களுக்குப் பஞ்சமில்லை. நூல்களைப் பற்றிய நேர்மையான கருத்துக்கே பஞ்சம். வெளியீட்டு விழா நடக்கின்றது, பொன்னாடை போர்த்தப்படுகின்றது, பேசுவோர் ஒவ்வொருவரும் முன்னவரைவிட உரத்துப் பாராட்டுகின்றனர். கூட்டம் கலைந்ததும் அந்நூலின் தாள்களைப் பிரித்தவர் எத்தனை பேர் என்று எண்ணினால், மேடையில் இருந்தவர்களிலேயே பாதிப்பேர் தேறமாட்டார். இது பொதுநோய்.

தமிழ்ப்பற்றாளரிடையே இதற்கு மேலும் ஒரு நோய் உண்டு. நூலைக் கையில் எடுத்ததும் அயற்சொற்களை எண்ணத் தொடங்குவதும், பத்துச் சொல் கண்டவுடன் மூடி வைப்பதும், தூய சொல்லால் ஆனது என்றால் உள்ளீடு இல்லாத பதரையும் மணி என்று புகழ்வதும் அந்நோயின் குறிகள். முன்னதும் பின்னதும் வேறுவேறு போல் தோன்றினும் அடிப்படை ஒன்றே. இரண்டும் படிக்காமலே தீர்ப்புச் சொல்லும் சோம்பல்.

புதினம் என்னும் வகையே தமிழுக்கு ஆகாது என்பாரும் உளர். அவர்கள் மறைமலையடிகளின் வாழ்வை அறியார். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த அடிகளே இரண்டு புதினங்கள் எழுதியவர். 1911இல் வெளிவந்த ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ ஆங்கிலப் புதின ஆசிரியர் ரெயினால்டு எழுதிய கதையைத் தழுவியது. ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ அதற்குப் பின் வந்தது. நேர்மையான படிப்பாளன் இங்கேயே தன் துணிவை ஆய்ந்து கொள்ளலாம். நாகநாட்டரசியின் கதை இரவல் கதை. அதன் திருப்பங்களும் மறைவுகளும் ஆங்கில மலிவுக் கதைகளின் திருப்பங்களே. அதன் பெருமை, அத்தகைய கதையையும் செப்பமான தமிழில் நடத்திக் காட்டலாம் என்று மெய்ப்பித்ததில்தான் உள்ளது. இப்படிச் சொல்வதால் அடிகளின் புகழில் ஓர் அணுவும் குறையாது. சொல்ல அஞ்சுவதே அவர்க்குச் செய்யும் இழுக்கு.

இந்த அளவுகோலைக் கொண்டு நடந்து பார்க்கப் புதுக்கோட்டை மாவட்டத்தினும் ஏற்ற மண் அரிது. சக்தி இதழையும் பதிப்பகத்தையும் நடத்தி, 1957இல் பாரதியார் பாடல்களை ஒன்றரை உருவாவுக்கு ஏழையின் கைக்குக் கொண்டு சேர்த்த வை. கோவிந்தன், இராயவரத்தில் பிறந்தவர். நூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களைத் தனியொரு குடும்பமாகத் திரட்டிய ஞானாலயா ஆய்வு நூலகம் திருக்கோகர்ணத்தில் உள்ளது. தமிழுக்கு முதன்முதலாக ஞானபீட விருது பெற்றுத் தந்த அகிலன், 1922இல் பெருங்களூரில் பிறந்தவர். சொந்த மண்ணின் எழுத்தாளர் என்பதற்காகவே புகழ்வதும் ஒருவகைக் கையூட்டே. ஆதலின் அகிலனிலிருந்தே தொடங்குவது முறை.

1963இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற ‘வேங்கையின் மைந்தன்’ இராசேந்திர சோழன் காலக் கதை. அதன் இளந்தலைவன் இளங்கோ, கொடும்பாளூர் இருக்குவேள் குடியினன். ஈழத்தில் மறைத்து வைக்கப்பட்டிருந்த பாண்டியர் முடியை மீட்பதும், கங்கை வரை படை செல்வதும், இரு பெண்களின் காதலிடையே இளங்கோ தவிப்பதும் கதை. படிப்பவர் நெஞ்சை விறுவிறுப்பாக இழுத்துச் செல்லும் ஆற்றல் அதற்கு உண்டு. தமிழர்க்குத் தம் முன்னோரைப் பற்றிய பெருமித உணர்வை ஊட்டியதும் உண்மை. ஆனால் குறை எங்கே? கொடும்பாளூர் என்று கதை சொல்கின்றதே தவிர, அவ்வூரின் மண் அதில் ஒட்டவில்லை.

புதுக்கோட்டைத் தன்னரசு 1929இல் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. ஊரார் கூடிப் பாடிகாவல் உரிமையை விற்றதும், ஏரிக்கு மடையும் குமிழியும் அமைத்தவர் பெயரும், நாட்டாரும் நகரத்தாரும் செய்த முடிவுகளும் அவ்வகைக் கற்களில் பேசுகின்றன. வானம் பார்த்த அந்தப் பூமியில் அரசனின் முடியைவிட ஏரியின் தூம்பே உயிர்காத்தது. அந்தத் தூம்பைப் புதினம் காணவில்லை. அரண்மனையைக் கண்ட கண், கரையைக் காணத் தவறிற்று.

இங்கே மற்றொரு கசப்பான உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கொடும்பாளூர் மூவர் கோயிலில் பூதி விக்கிரமகேசரி தன் குடிவழியைப் பொறித்த கல்வெட்டு, கிரந்த எழுத்தில் சமற்கிருத மொழியில் உள்ளது. தமிழ் வேளிர் ஒருவரே தம் பெருமையை அயன்மொழியில் வெட்டிவைத்தார். இதை மறைப்பதால் தமிழுக்கு ஆக்கமில்லை. ஆளுவோர் அயன்மொழியில் தம் புகழை எழுதிக்கொண்ட நாளிலும் ஊரார் தம் நீரையும் நிலத்தையும் தமிழிலேயே எழுதி வைத்தனர் என்று எடுத்துரைப்பதே வலுவான வாதம். வரலாற்றுப் புதினம் எழுதுவோர் கைக்கொள்ள வேண்டிய பாடமும் இதுவே.

1975ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருது ‘சித்திரப்பாவை’க்குக் கிடைத்தது. ஓவியன் அண்ணாமலையை விரும்பும் ஆனந்தி, மாணிக்கம் என்பவன் தன்னை வலிந்து தீண்டிவிட்டான் என்பதற்காகவே அவனை மணக்கின்றாள்; துன்புற்றுத் துன்புற்றுக் கடைசியில் அம்மணத்தை உதறி வெளியேறுகின்றாள். தாலியைவிடப் பெண்ணின் தன்மதிப்பே பெரிது என்ற முடிவு, அந்நாளில் துணிவான முடிவு. அதற்காக அகிலனைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் அம்முடிவுக்கு வர அத்தனை நூறு பக்கங்கள் கண்ணீர் தேவையா? நல்லவன் முற்றும் நல்லவன், தீயவன் முற்றும் தீயவன் என்று மாந்தரை இரு கூறாக வெட்டியது, வாரந்தோறும் படிப்பவரைக் கட்டிவைக்கும் தொடர்கதைப் பழக்கம். சுந்தர ராமசாமி இவ்விருதைக் கடுமையாக எதிர்த்தெழுதினார். அவர் சொல்லில் சூடு மிகுதி என்று கொண்டாலும், விருது வந்ததும் நாடே வாயடைத்துக் கைதட்ட வேண்டும் என்ற கட்டாயத்தை உடைத்தது நற்செயலே.

பரிசு மழையில் நனையாத ‘பால்மரக்காட்டினிலே’ அகிலனின் நூல்களில் உண்மைக்கு இன்னும் அணுக்கமானது. மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் காடு திருத்திப் பால் வெட்டிய தமிழர், தோட்டம் துண்டாடப்பட்டபோது நிற்க நிழலின்றி நின்ற நிலையை அது பேசுகின்றது. அக்கதையில் அரசிளங்குமரி இல்லை, வாளில்லை. உழைத்த கை மட்டும் உண்டு. தமிழினத்தின் அண்மைக்கால வரலாறு அந்தக் கையில்தான் எழுதப்பட்டுள்ளது.

தூய நடைக்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படும் மு. வரதராசனாரின் புதினங்களையும் இதே தராசில் நிறுத்தல் வேண்டும். 1961இல் பரிசுபெற்ற ‘அகல்விளக்கு’ இரு நண்பர்களின் வாழ்வை ஒப்பிட்டு, அழகும் திறமையும் மட்டும் மாந்தனைக் காவா என்று காட்டும் உயர்நோக்குடையது. நடை தெளிந்த நீர். ஆனால் அவர் கதைகளில் பெரும்பாலோர் பேராசிரியரைப் போலவே பேசுகின்றனர். தமிழ் தூயதாயிருந்தும் பேச்சு ஒரே வாயிலிருந்து வருகின்றது. சிற்றூர் உழவனின் சொல், கொல்லனின் சொல், மீனவரின் சொல் யாவும் தனித்தமிழே. அச்சொற்களைத் தேடிச் செல்லாமல் ஏட்டுச் சொல்லிலேயே தங்கிவிடுவதைத் தூய்மையின் நிறைவு என்று எப்படிக் கொள்வது?

இனி, கதையல்லாத நூல்கள். புதுக்கோட்டை அருங்காட்சியகக் காப்பாளராக இருந்த செ. இராசா முகமது எழுதிய ‘புதுக்கோட்டை மாவட்ட வரலாறு’ 1992இல் வெளிவந்தது. ஒரு மாவட்டத்தின் வரலாற்றை அம்மண்ணின் மக்கள் மொழியிலேயே தந்த அரும்பணி அது. என்ன நடந்தது என்ற வினாவுக்கு அது நிறைய விடை தருகின்றது; ஏன் நடந்தது என்ற வினாவுக்கு அந்த அளவு தரவில்லை. இக்குறை ஒருவர் குறையன்று. அடுத்து வருவோர் நிரப்ப வேண்டிய இடம்.

அந்த ‘ஏன்’ என்ற வினாவைக் கேட்ட நூல்கள் எங்கே உள்ளன? 1938 முதல் 1944 வரை வெளிவந்த புதுக்கோட்டைத் தன்னரசுக் கையேட்டின் தொகுதிகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. தொண்டைமான் அரசு நிலக்கொடையாலும் சிறப்புகளாலும் எவ்வாறு கட்டப்பட்டது, வெள்ளையர் ஆட்சியில் அம்முடி எவ்வாறு உள்ளீடற்றுப் போயிற்று என்று ஆராய்ந்த நிக்கோலசு தர்க்சின் நூல் 1987இல் ஆங்கிலத்தில் வந்தது. அதில் கொடை பெற்றோர் பேசப்படும் அளவுக்கு அந்நிலத்தில் உழைத்தோர் பேசப்படவில்லை. எனினும் ஆழத்தில் அதற்கு ஈடு எளிதன்று.

1996இல் வெளிவந்த சாய்நாத்தின் வறட்சி பற்றிய நூலும் ஆங்கிலமே. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது, மாவட்ட ஆட்சியர் சீலா இராணி சுங்கத்தின் ஊக்கத்தால் புதுக்கோட்டைப் பெண்கள் மிதிவண்டி கற்ற கதையை அந்நூல் சொல்கின்றது. 1992 மகளிர் நாளில் 1500 பெண்கள் மிதிவண்டியில் நகரை நிறைத்தனர். ஆண்கள் வண்டியையே பலர் விரும்பினர். அதன் குறுக்குத்தண்டில் குழந்தையை அமர்த்தலாம் அன்றோ! குறுக்குத்தண்டில் குழந்தையோடு செல்லும் அத்தாயின் விடுதலையில் உள்ள காப்பியச் சுவை, நூறு அரண்மனைக் காதலில் இல்லை. கல்லுடைக்கும் தமிழ்ப்பெண்ணின் அந்த வெற்றியைப் பற்றிய சிறந்த கட்டுரை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது.

தமிழர்க்கு வலிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு புதினத்தில் வடசொல் கலந்ததற்காகச் சினப்போர், தம் மண்ணின் மெய்வரலாறே அயன்மொழியில் தங்கிக் கிடப்பதற்கு ஏன் சினவார்? கலப்புச்சொல் நீக்கத் தக்கதே. ஆனால் தமிழில் எழுதப்படாத உண்மை, கலப்புச் சொல்லினும் பெரிய இழப்பு. சொல்லைத் தூய்மை செய்யலாம். இல்லாத நூலை எவ்வாறு தூய்மை செய்வது?

ஆதலின் தமிழ்ப் படிப்பாளர் கடமை தெளிவானது. எந்நூலையும் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டே வாய் திறத்தல் வேண்டும். ‘நன்று’, ‘தீது’ என்ற ஒற்றைச் சொல்லோடு நில்லாமல் எந்த இடம் நன்று, ஏன் தீது என்று எழுதுதல் வேண்டும். நூலின் நடை தமிழா என்று கேட்பதோடு, அதில் வாழும் மாந்தர் தமிழரா, அது சொல்வது உண்மையா என்றும் கேட்டல் வேண்டும். நண்பன் எழுதினாலும் குறையைச் சொல்லலும், மாற்றான் எழுதினாலும் நிறையைச் சொல்லலும் வேண்டும்.

பொய்யான முகமன் எழுத்தாளனை உறங்க வைக்கும். நேர்மையான கருத்து அவனை அடுத்த நூலுக்கு எழுப்பும். அவன் எழுந்தால் தமிழ் எழும்.