எத்தனை பேரில் எத்தனை பேர்?

நம் வீடுகளில் பிள்ளை நன்றாகப் படித்தால் டாக்டர், இல்லாவிட்டால் வழக்கறிஞர். (நானும் அப்படி வந்தவன்தான்.) புள்ளியியலில் முதுகலை ஆய்வு செய்யப் போகிறேன் என்றால், "அதுக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்கிறோம். வழக்கு என்று வரும்போது நமக்கு இல்லாமல் போவது அந்தப் பிள்ளைதான்.

தோட்டத்தில் மருந்தடித்த பெண்களை எடுத்துக்கொள்வோம். பாராகுவாட் களைக்கொல்லியைக் கைவிடுவதாக அரசாங்கம் 2002-ல் அறிவித்தது, 2006-ல் தளர்த்தியது, முழுத் தடை 2020 ஜனவரியில்தான் வந்தது. நகம் கெட்டது, மூக்கில் இரத்தம் வந்தது என்று அந்தப் பெண்கள் சொல்லாமல் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பு கேட்பது ஒரே கேள்வி: எத்தனை பேரில் எத்தனை பேருக்கு? மருந்தடிக்காதவர்களுக்கு அது வரவில்லையா?

இதற்குப் பதில் சொல்லத் தனிப் பயிற்சி வேண்டும். இன்று வேலையில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால், நோயாளியாகி வேலையை விட்டவர் கணக்கிலேயே வரமாட்டார். மருந்து பாதுகாப்பானது போலத் தோன்றும்!

அமெரிக்காவின் வூபர்ன் நகரில் குழந்தைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. இரசாயனம் கலந்திருந்த இரண்டு நகரக் கிணறுகள் 1979-ல் மூடப்பட்டன. ஹார்வர்டின் புள்ளியியலாளர்கள் லகாகோஸும் ஜெலனும் ஊர்மக்களையே தொண்டர்களாகப் பழக்கி, தொலைபேசியில் வீடு வீடாக விசாரித்தார்கள். எந்த வீட்டுக்கு எந்த ஆண்டு அந்தக் கிணற்று நீர் போனது என்ற கணக்கோடு நோயை ஒப்பிட்டு 1986-ல் வெளியிட்டார்கள். குறை சொன்னவர்கள் உண்டு. ஆனாலும் விவாதம் தாய்மார்களின் கண்ணீரைப் பற்றி அல்ல, கணக்கைப் பற்றி நடந்தது. சுற்றுச்சூழல் சுகாதாரப் புள்ளியியலில் முனைவர் பட்டம் செய்வோருக்கு அந்நாட்டு அரசு நிதி கொடுத்தே பயிற்சி அளித்து வந்திருக்கிறது.

நம் கல்வி அறவாரியங்கள் ஆண்டுக்கு இருவரை இந்தத் துறையில் முதுகலை ஆய்வுக்கு அனுப்பினால் போதும். முதல் ஆய்வும் தயாராக இருக்கிறது: மருந்தடித்தவர்களின் பட்டியல். யார், எந்தத் தோட்டம், எத்தனை ஆண்டு, இப்போது எந்த அடுக்குமாடியில் இருக்கிறார், என்ன நோய். தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஆட்கள் சிதறிவிட்டார்கள். 1990-ல் நாற்பது வயதில் பம்பு சுமந்தவருக்கு இன்று எழுபத்தைந்து தாண்டிவிட்டது.